46 துண்டுப் பெட்டியும் ஒரு 19 சாவியும்

மோட்டார் சைக்கிளில் கொண்டு திரிய என்று கடைகளில் தொங்கவிட்டிருக்கிறார்களே, நட்டுக் கழற்றுகிற சாமான்கள் அடங்கிய, ஒரு கையால் பிடிக்கக்கூடிய 46 துண்டுப் பெட்டி, அதை வாங்க நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மட்டும் நம்பி முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு வெளிக்கிட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

வவுனியாவில் 3,200 ரூபாவுக்கு வாங்கினேன். திறந்தால் பளபளவென்று இருக்கும், வாங்குகிற கை தானாகவே காசை எடுக்கும். 4 முதல் 14 மில்லிமீற்றர் வரை நட்டில் கவிழ்க்கிற பதின்மூன்று சொக்கெற், அவற்றைக் கொழுவிச் சுற்றுகிற கால் அங்குல ராச்செற் பிடி ஒன்று, நீட்டுத் தண்டு, ஒரு வளைகிற மூட்டு, மிச்சத்தில் பெரும்பகுதி திருகாணி கழற்றுகிற பிற்றுகள். வீட்டில் வைத்து ஆறுதலாக எண்ணிப் பார்த்தேன், என் வண்டியில் பொருந்துவது 8, 10, 12, 14 சொக்கெற்றுகளும் இரண்டு மூன்று பிற்றுகளும்தான். நட்சத்திர வாய்ப் பிற்றுகளை இன்றுவரை தொட்டதில்லை. 4.5 சொக்கெற்றால் மோட்டார் சைக்கிளில் எதைக் கழற்றுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பக்க மூடி, பற்றரி முனை, ராங்க் போல்ட், கண்ணாடி மாதிரிச் சின்ன வேலைகளுக்கு அது கெட்டிக்காரச் சாமான், ஒடுக்கமான இடத்தில் சாவியை (ஸ்பானரை) எடுத்து எடுத்துப் போடாமல் ராச்செற்றால் டிக் டிக் என்று சுற்றிக்கொண்டே போகலாம். ஆனால் பிறேக் பக்கத்து 14 நட்டு ஒன்று கறள் பிடித்து இறுகியிருந்தது, அதைக் கொஞ்சம் அமத்தினேன், உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு ராச்செற்றின் பல்லு ஒரு பக்கத்துக்குப் பிடிக்காமல் போனது. கால் அங்குலத் தலையிலிருந்து அந்தப் பலத்தை எதிர்பார்த்தது என் பிழை என்றும் சொல்லலாம்.

சரி, அந்தப் பின்னேரத்துக்கு வருகிறேன். வேலைக்காக மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு அடிக்கடி ஓடுகிறவன் நான், ஐம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். பெரிய றோட்டு இப்போது நல்லது, உள்ளுக்குள் இறங்கினால்தான் கிரவலும் புழுதியும். திரும்பி வரும்போது ஒட்டுசுட்டான் தாண்டிக் காட்டுப்பக்கம் பின்சில்லு காற்றுப் போய்விட்டது. பயப்படவில்லை, ஏனென்றால் பையில் பெட்டி இருக்கிறது, புது ரியூப் இருக்கிறது, சின்னப் பம்மும் இருக்கிறது. சாதாரண முள்ளுக்குத்து என்றால் சில்லைக் கழற்றாமலே ரயரின் ஒரு பக்கத்தைக் கிளப்பி ரியூப்பை இழுத்து ஒட்டிவிடலாம். எனக்கு வால்வடியில் கிழிந்திருந்தது. அங்கே ஒட்டு நிற்காது, ரியூப் மாற்றத்தான் வேண்டும், அதற்குச் சில்லு கழல வேண்டும்.

என் வண்டியின் பின் அச்சில் ஒரு பக்கம் 19 நட்டு, மற்றப் பக்கத் தலை 17. பெட்டியில் பெரியது 14. நாற்பத்தாறு துண்டையும் சீட்டில் பரப்பி வைத்துக்கொண்டு நின்றேன்.

நெல்லு ஏற்றிக்கொண்டு வந்த உழவு இயந்திரக்காரர் ஒருவர் நிறுத்தினார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, இவ்வளவு சாமான் வச்சிருக்கிறியள், சில்லுக் கழட்ட ஒண்டும் இல்லையே?" என்றார். சீட்டுக்குக் கீழேயிருந்து ஓயில் படிந்து கறுத்த இரண்டு வளையச் சாவிகளை எடுத்துத் தந்துவிட்டு, "கெதியாப் பாருங்கோ, ஆனை இறங்கிற நேரம்" என்று சொல்லி, எஞ்சினை நிற்பாட்டாமலே நின்றார். அந்த அவசரத்தில் ரயர் லீவருக்குப் பதிலாக ஸ்குரூ டிரைவரைப் போட்டுக் கிளப்பினேன், புது ரியூப்பிலும் ஓட்டை. நல்ல காலம், அவரிடம் ஒட்டுச் சாமான் இருந்தது.

அதற்குப் பிறகு பெட்டி வீட்டில். வண்டிக்கு வேறாகச் சேர்த்தேன். இதைக் கடையில் ஒரே செற்றாகத் தேட வேண்டாம். முதலில் உங்கள் வண்டியின் கீழே குந்தியிருந்து இரண்டு அச்சு, செயின் இறுக்குகிற இடம், பிளக், கிளச் கேபிள் எல்லாவற்றுக்கும் என்ன அளவு என்று ஒரு துண்டில் எழுதுங்கள். வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தியதிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து வருடம் பழைய வண்டிகளையே கைமாற்றி ஓட்டினோம், அப்படி வந்த வண்டிகளில் கம்பனி சீட்டுக்கு அடியில் வைத்த பை இருக்கவே இருக்காது, நட்டுகளும் முந்தின சொந்தக்காரர் மாற்றியவையாக இருக்கலாம். அளந்து பார்க்காமல் இன்னொருவரின் பட்டியலை நம்பக்கூடாது, என்னுடையதையும் சேர்த்துத்தான்.

நான் வாங்கியவை: 8-10, 12-14 சாவிகள், 17க்கும் 19க்கும் நீட்டுப் பிடி வளையச் சாவிகள், இரண்டு ரயர் லீவர், ஒரு குறடு. பிளக் சாவி 16 அளவு, குழாய் மாதிரியானது, பழைய சாமான் கடையில் 250 ரூபாவுக்கு எடுத்த கம்பனிச் சாமான், புதுசாக வாங்கிய எதையும்விட அதுதான் திறம். லீவரில் நுனியை விரலால் தடவிப் பாருங்கள், கூராக இருந்தால் வேண்டாம், ரியூப்பைக் கிள்ளும். சாவியில் குரோம் வனேடியம் (உறுதியான உருக்கு வகை) என்று அடித்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது, ஆனால் எழுத்தை யாரும் அடிக்கலாம், ஆகவே வாயை நட்டில் போட்டு ஆட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். ஸ்குரூ டிரைவரில் ஒரு விசயம். ஜப்பான் வண்டிகளின் கூட்டல் தலைத் திருகாணி சாதாரண பிலிப்ஸ் தலையை விடக் கொஞ்சம் வித்தியாசம், சாதாரணத்தைப் போட்டு அமத்தினால் ஏறி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். அதற்கென்று ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) டிரைவர் இருக்கிறது, கிடைத்தால் விடாதீர்கள்.

பற்றரியில் கொழுவுகிற 12 வோல்ட் பம் எங்கள் சின்ன வண்டிகளுக்குச் சரிவராது. 2.5, 3 ஆம்பியர்-மணிப் பற்றரி அதைத் தாங்காது. கைப்பம்தான். வாங்கும்போது வாயை மோட்டார் சைக்கிள் வால்வில் பூட்டிப் பாருங்கள், சைக்கிள் வால்வுக்கு மட்டும் பூட்டுகிறவையும் விற்கிறார்கள். பின் ரயருக்கு இருநூறு தரத்துக்கு மேல் அடித்தேன், கை உளையும், ஆனாலும் வீடு வரலாம்.

பை விற்கிறார்கள், ரெக்சின், 1,800 ரூபா சொன்னார்கள், வாங்கவில்லை. வீட்டில் மடித்துக் கிடந்த பழைய தறப்பாள் துண்டு ஒன்றைத் தையல்கார அக்காவிடம் கொடுத்தேன், "இது எந்த முகாமில தந்தது?" என்று கேட்டுக்கொண்டே சாவிக்குச் சாவி அறை வைத்துத் தைத்துத் தந்தா, 300 ரூபா. சுருட்டிக் கட்டினால் கிரவல் றோட்டிலும் கிலுங்காது, தண்ணீரும் இறங்காது. பிளாஸ்ரிக் பெட்டியின் கொழுக்கி மூன்றாம் மாதமே உடைந்து, 10 அளவுச் சொக்கெற் எங்கேயோ விழுந்துவிட்டது.

பம் மட்டும் இன்னும் சுருளுக்குள் அடங்கவில்லை. பழைய ரியூப்பில் வெட்டிய ரப்பரால் சட்டத்தோடு கட்டியிருக்கிறேன், வெயிலில் ரப்பர் வெடிக்கிறபடியால் மாதத்துக்கு ஒரு தரம் புதுசாக வெட்ட வேண்டியிருக்கிறது.