அந்தப் பெண்ணுக்கும் கண்ணாடி இல்லை

பர்மிங்காமிலிருந்து நான்கு வார லீவில் வந்தவள், தாடை முடிக்கு லேசரை ஆரம்பித்துவிட நினைத்தேன். அங்கே நான் போன கிளினிக்கில், அவர்களிடம் இருந்த மெஷின் என் நிறத்துக்கு ஒத்துவராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம்ம ஊரில் எல்லாரும் இந்த நிறம்தானே, கை பழகியிருக்கும் என்ற நம்பிக்கையில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி ஏறினேன்.

மூவாயிரம் அட்வான்ஸ் கட்டியதும் படுக்கவைத்தார்கள். ஜெல் தடவிய பெண்ணுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். என் கண்மேல் நனைத்த பஞ்சு இரண்டை வைத்தாள்.

"கண்ணாடி எங்கம்மா?"

"பஞ்சே போதும்க்கா, கண்ண மூடிக்கங்க."

பஞ்சை எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். மெஷினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் முகத்திலும் கண்ணாடி இல்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

லேசருக்கு முடி, தோல், கண் என்ற பேதமெல்லாம் தெரியாது. கருப்பு எங்கே இருக்கிறதோ அங்கே சூடாகும். முடியில் இருக்கும் மெலனின் என்ற கருநிறமி அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகி வேரைச் சுடுகிறது. அதே மெலனின் விழித்திரைக்குப் பின்னாலும் இருக்கிறது. அந்த மெஷினில் 808 நானோமீட்டர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதன் ஒளியின் அலைநீளம் அது, கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தெரியாத ஒளி. பளிச்சென்று அடித்தாலாவது இமை தானாக மூடும், இதற்கு அதுவும் நடக்காது. முகத்தில் அடிக்கும்போது படுத்திருப்பவருக்கு ஒளி புகாத மூடி வேண்டும், அடிப்பவருக்கு அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி வேண்டும்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குப் பண்ற?"

"எட்டு பேருக்கா. ஞாயித்துக்கிழமைன்னா இன்னும் வருவாங்க. கண்ணாடி ஒண்ணு இருந்துச்சு, பட்டை அறுந்துபோச்சு. ட்ராயர்ல கிடக்குது."

ட்ராயரில் கிடக்கிறது! ஒரு எலாஸ்டிக் பட்டை மாற்ற எவ்வளவு ஆகும்? பர்மிங்காமில் ஒவ்வொன்றுக்கும் ஃபாரம் நிரப்பச் சொல்வார்கள், எத்தனையோ முறை சலித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி மாட்டாமல் மெஷினைத் தொடவே விடாத அந்தக் கறாரின் அருமை அன்றைக்குத்தான் புரிந்தது. மேனேஜரிடம் சத்தம் போட்டேன். அவர் பதிலுக்கு, "வாரம் ஒரு சிட்டிங் மேடம், நீங்க ஃப்ளைட் ஏறுறதுக்குள்ள நாலு முடிச்சிடலாம்" என்றார். அட்வான்ஸ் ரிட்டர்ன் கிடையாதாம்.

அப்புறம் தண்டையார்பேட்டையில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். அதே பழைய டோக்கன், அதே மர பெஞ்ச், நம்பர் கூப்பிடும் அதே குரல். சின்ன வயதில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது. அவர் முதலில் கேட்டது முடியைப் பற்றி அல்ல, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று. சினைப்பை நீர்க்கட்டி இருந்தால் அதையும் பார்க்க வேண்டுமாம், லேசர் மட்டும் போட்டால் புது முடி வந்துகொண்டே இருக்குமாம். பிறகு தாடையைத் தடவிப் பார்த்தார்.

"நூல் போட்டு வேரோட பிடுங்கிட்டு வந்திருக்கீங்க. எதைச் சுடுறது? நாலு வாரம் நூலும் வேண்டாம், வாக்ஸும் வேண்டாம், ஷேவ் மட்டும் பண்ணுங்க."

வாரம் ஒரு சிட்டிங் என்ற கதையையும் சொன்னேன். வளரும் பருவத்தில் இருக்கிற முடிதான் லேசருக்கு மசியும், மற்றது தூங்கிக்கொண்டிருக்கும், அதனால் முகத்துக்கு நான்கிலிருந்து ஆறு வார இடைவெளியில் ஆறு, எட்டு சிட்டிங் ஆகும் என்றார். நரைத்த முடிக்குப் பலன் இல்லை. முகத்தில் அபூர்வமாகச் சிலருக்கு முடி அதிகமாவதும் உண்டு. "மொத்தமா போயிடும்னு சொல்ல மாட்டேன், நல்லா குறையும்" என்றார். இவ்வளவு நேராகப் பேசும் ஒருவரை அங்கேகூட நான் பார்க்கவில்லை.

காதோரம் மட்டும் நான்கு புள்ளி அடித்துப் பார்த்தார். நம் நிறத்துக்கு மற்றதைவிடப் பாதுகாப்பான 1064 நானோமீட்டர் மெஷின். என் கண்ணுக்கு மூடி, அவருக்கும் உதவிக்கு நின்றவருக்கும் கண்ணாடி. சுண்டிவிட்ட ரப்பர் பேண்ட் போல ஒவ்வொரு அடியும் சுளீர் என்றது, தீய்ந்த முடி வாடை வந்தது. மாலைக்குள் சிவப்பு போய்விட்டது, இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோதும் கருமை இல்லை. வெயிலில் போகாதே, சன்ஸ்கிரீன் போடு என்றார்கள். சித்திரை வெயிலில் சென்னையில் எப்படி என்று தெரியவில்லை. கஸ்தூரி மஞ்சள் பூசியிருந்தால் இதெல்லாம் எதற்கு என்று அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

சரி, சிட்டிங் அடுத்த பயணத்தில்தான். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, அட்வான்ஸுக்காக மூன்றாவது முறை அந்த மாடிக்குப் போனேன். பாதிப் பணம் கிடைத்தது. படியில் டீ வாங்கிக்கொண்டு அந்தப் பெண் ஏறி வந்தாள். கண்ணாடியில் நம்பர் அச்சடித்திருக்கும், உன் மெஷின் நம்பர் அதற்குள் வர வேண்டும், வேறு எந்தக் கூலிங்கிளாஸும் உதவாது, உனக்குக் கண்ணாடி, வருகிறவர்களுக்கு மூடி என்று கேள் என்றேன். டீ ஃப்ளாஸ்கைப் படியில் வைத்தாள். என்னிடம் பேனா வாங்கி, உள்ளங்கையில் 808 என்று எழுதிக்கொண்டாள்.