பத்து மணிக்கு போன் யார் கையில்?

ஜூன் பிறந்தால் எங்கள் ஊர்த் தாய்மார்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "ஏனுங்க அக்கா, அந்த ஸ்கூல்ல ஆன்லைன்லயும் பாடம் எடுக்கறாங்களாமா, இந்த ஸ்கூல்ல படிக்கறதுக்கு போன் ஆப்பு தர்றாங்களாமா. எதுல விட்டா புள்ளைக்குப் பாடம் ஏறும்?"

சோமனூருக்கும் பல்லடத்துக்கும் இடையில், தறிச் சத்தத்திலேயே விடிந்து அடையும் ஊர் எங்களுடையது. சாயங்காலம் தெருப்பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகள் திரும்பப் பள்ளிக்குப் போனது 2021 நவம்பர் 1 அன்றுதான். அந்த ஒன்றரை வருஷத்துக்கு மேலான காலத்தில் வீட்டிலிருந்தே படிக்கிற எல்லா வழிகளும் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டன. எது யாருக்கு உதவியது என்பதை அப்போதே பார்த்துவிட்டோம்.

முதலில் நேரலை வகுப்பு. கூகுள் மீட், ஜூம் வழியாக டீச்சர் நேரில் பேசுவது. மற்ற எதிலும் இல்லாத ஒரு பலம் இதில் உண்டு: பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்கலாம், தப்பென்றால் அங்கேயே திருத்தலாம். ஆனால் இதற்கு வேண்டியதை எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்கு ஒரு போன், நெட், சத்தமில்லாத ஓர் இடம், காலை பத்து மணி. எங்கள் ஊரில் அப்பாவின் போன் எட்டரை மணிக்கே அவரோடு பனியன் கம்பெனிக்குப் போய்விடும். அம்மாவின் போன் பட்டன் போன். இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரே போன் என்றால் பத்தாவது படிக்கிறவனுக்குத்தான் முதல் உரிமை, மூணாவது படிக்கிறவள் சும்மா இருப்பாள். 1.5 ஜிபி பேக் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

எதிர்வீட்டில் ஒரு பெண்பிள்ளை, அப்போது ஐந்தாம் வகுப்பு, தனியார் பள்ளி. வீட்டின் பின்கட்டிலேயே தறிக்குடோன். ஒருநாள் கணக்கு வகுப்பில் டீச்சர் அவளைக் கேட்டார். மைக்கைத் திறந்ததும் நான்கு தறியின் சத்தமும் எல்லார் வீட்டுக்கும் போயிருக்கிறது. "யாரும்மா அது, மியூட்ல போடு" என்றார் டீச்சர். அவரையும் குறை சொல்ல முடியாது, நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்! அன்றைக்கு மியூட்டில் போட்டவள் பள்ளி திறக்கும்வரை எடுக்கவே இல்லை. வருகைப் பதிவில் மட்டும் ஒருநாள் விடாமல் வந்ததாக இருக்கும்.

அதனால்தான் வருகையையும் வீட்டில் போன் இருக்கிறதா என்ற கணக்கையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. பிள்ளைகளின் படிப்பைப் பற்றி இந்தியக் கிராமங்களில் எடுத்த 2021 ஆண்டின் அசர் கணக்கெடுப்பும் இதைத்தான் காட்டியது. பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் 67.6 சதவீதம் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளிலேயே 26.1 சதவீதம் பேருக்கு அது கைக்கே கிடைக்கவில்லை.

அடுத்தது வாட்ஸ்அப். அரசுப் பள்ளி டீச்சர்கள் பெரும்பாலும் இதில்தான் பாடம் அனுப்பினார்கள். அப்பா ராத்திரி வந்த பிறகு பார்க்கலாம், நெட் குறைவாகவே செலவாகும், விட்டதைத் திரும்பக் கேட்கலாம். நேரம் நம் கையில் இருப்பது ஏழை வீட்டுக்குப் பெரிய விஷயம். குறை என்னவென்றால், அக்கா எழுதிய விடையைத் தம்பி பேரில் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். வாய்ஸ் மெசேஜில் "நீ படிச்சுக் காட்டு கண்ணு" என்று கேட்ட டீச்சர்களின் பிள்ளைகள் மட்டும் கொஞ்சம் தப்பித்தார்கள்.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26-லேயே தொடங்கியது, கொரோனாவுக்கு முன்னாலேயே. போன் இல்லாத வீட்டிலும் டிவி இருந்தது. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த கலர் டிவி சில வீடுகளில் இன்னமும் ஓடுகிறது. நெட் செலவில்லை, தறிச் சத்தத்துக்கு மேலே ஒலியைக் கூட்டிக்கொள்ளலாம், அக்கா தங்கச்சி சேர்ந்து பார்க்கலாம். எட்டும் தூரம் என்று பார்த்தால் இதுதான் முதலிடம். ஆனால் புரியவில்லை என்றாலும் பாடம் நிற்காது, அது பாட்டுக்கு ஓடிவிடும். அந்த அரை மணி நேரம் கரண்ட் போனால் போனதுதான், யூடியூபில் பார்க்க மறுபடியும் போன்தான் வேண்டும். திருப்பூரில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் எத்தனை பேர்! தமிழ்ப் பாடத்தை டிவியில் பார்த்து அவர்கள் என்ன செய்வார்கள்? இதை யாரும் பேசுவதில்லை என்பதில் எனக்கு ஆதங்கம் உண்டு.

பாடப்புத்தகத்தின் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அரசின் தீக்ஷா செயலியில் வரும் வீடியோக்கள் ஒன்பதுக்கு மேல் படிக்கிறவர்களுக்குச் சரி. தானாகத் தேடிப் படிக்கிற வயது அது. சின்னப் பிள்ளை கையில் போனைக் கொடுத்தால் கேமுக்குத்தான் போகும். பர்கூர், கடம்பூர், தாளவாடி மலைகளில் டவர் கிடைக்காத ஊர்களில் இந்த ஒப்பீட்டுக்கே வேலையில்லை. அங்கே வாத்தியார் நேரில் போனால்தான் பாடம்.

அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி ஆன்லைனே இல்லை, ஆனாலும் அதை விட்டுவிட்டு இந்த ஒப்பீடு முழுமையாகாது. 2021 அக்டோபர் 27-இல் தொடங்கினார்கள். அப்போது தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய், மாலை ஐந்திலிருந்து ஏழு வரை, ஏறக்குறைய இருபது பிள்ளைகள். அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 19,000 பிள்ளைகள் அளவில் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்திலேயே, பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது, அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு இந்த மாலை வகுப்பால் வந்தது என்று கண்டார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. எங்கள் திண்ணையில் இருந்ததும் ஒரே ஒரு போன்தான், என்னுடையது. அதே தீக்ஷா வீடியோவைத்தான் போட்டேன். ஆனால் ஒரு நிமிஷத்துக்கு ஒருதரம் நிறுத்தி, "இப்ப என்ன சொன்னாங்க, நீ சொல்லு சாமி" என்று கேட்டேன். எதிர்வீட்டுப் பிள்ளையும் வந்தாள். முதல் வாரம் வாயே திறக்கவில்லை. பிறகு ஒருநாள் பின்னக் கணக்குக்கு அவளாகவே விடை சொன்னாள். பக்கத்துத் தறி ஓடிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் சொன்னாள்.

ஆகவே, கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். ஒன்பதாவதுக்கு மேல், சொந்த போனும் தனி இடமும் இருந்தால் நேரலை வகுப்பு நல்லதே. ஐந்தாவதுக்குக் கீழே என்றால் அதற்கென்று தனியாகப் பணம் கட்டாதீர்கள். டிவியோ பதிவு செய்த வீடியோவோ போதும், பக்கத்தில் நிறுத்திக் கேட்க ஒரு ஆள் இருக்கட்டும். அப்பாவோ அம்மாவோ படித்திருக்க வேண்டியதில்லை, "என்ன புரிஞ்சுது" என்று கேட்டால் போதும். சேர்க்கும் முன் பள்ளியில் இரண்டு விஷயம் விசாரியுங்கள். வகுப்பைப் பதிவு செய்து பிறகு தருவார்களா? வாரம் ஒருமுறையாவது டீச்சர் பிள்ளையிடம் போனில் பேசுவாரா? போன வருஷம் பெற்றோர் கூட்டத்தில் நான் மூன்றாவதாக ஒன்றும் கேட்டேன்: அனுப்புகிற பாடத்தைக் காலையில் அனுப்பாமல் ராத்திரி எட்டு மணிக்கு அனுப்ப முடியுமா என்று. அந்த டீச்சர் மறுநாளே மாற்றிவிட்டார்.