டிக்கியைக் காலி பண்ணிப் பார்க்காம பழைய கேடிலாக் வாங்காதீங்க

ஒஹாயோவுல ஒரு பழைய கார் வியாபாரிகிட்ட 1954 கேடிலாக் கூப் டிவில் வாங்கினேன். பேர் சொல்லலை, வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பில்லை. கம்பெனியிலேயே ஏசி போட்டு வந்த வண்டின்னு சொல்லி, மத்த வண்டியைவிட எட்டாயிரம் டாலர் கூட வாங்கிட்டான்.

அந்தக் காலத்துல வண்டியே 4,200 டாலர் சொச்சம். ஏசி மட்டும் தனியா 600 டாலருக்கு மேல. ஹீட்டர், ரேடியோவுக்கே தனிக் காசுதான். அதனால ஏசியோட வந்த வண்டி அபூர்வம், விலையும் எகிறும்.

1953லிருந்து 56 வரைக்கும் கேடிலாக்ல ஏசியோட குளிரூட்டுற பெட்டியும் ஊதுற மோட்டாரும் டிக்கிக்குள்ள, பின் சீட்டுக்கு முதுகுப்பக்கம் இருக்கும். அங்கிருந்து பின் கண்ணாடியோட ரெண்டு ஓரத்துலயும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய் மேலேறி, கூரை வழியா காத்து வரும். வெளியில பின்பக்கம் காது மாதிரி ரெண்டு மூடி, காத்தை உள்ளே இழுக்க. என் வண்டியில காதும் இருந்தது, குழாயும் இருந்தது. டிக்கி நிறைய அட்டைப்பெட்டி, "ஸ்பேர் பார்ட்ஸ், உங்களுக்கு ஃப்ரீ"ன்னான். கம்ப்ரசருக்கு பெல்ட் இல்லையேன்னு கேட்டேன். "குளிர்காலத்துல கழட்டி வைக்கிறதுதான் சார் வழக்கம்." அப்படிக் கழட்டி வெச்சவங்க உண்டுதான், அதனால நானும் தலையாட்டிட்டேன்.

ஜூன் மாசம் வண்டியைத் துடைக்கும்போது இடது குழாய் கையோட வந்துடுச்சு. அடியில ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப். பின் சீட்டுக்கு முதுகுப்பக்கம் இருக்கிற பலகையில ஓட்டையே போடலை! பெட்டிகளை இறக்கினா டிக்கி வெறுங்கூடு. வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்தேன், முன்னால இருக்கிற கம்ப்ரசர்லிருந்து பின்னால போக வேண்டிய ஏசி கேஸ் குழாய் ஒண்ணுகூட இல்லை.

டேஷ்போர்டு மேல இடது ஓரத்துல ஆட்ரானிக் ஐ இருந்தது. எதிர் வண்டி வெளிச்சம் பட்டா ஹை பீமைத் தானா இறக்குற சமாச்சாரம். அதோட வயர் நாலு விரக்கடை நீளத்துல அறுந்து தொங்குது. அதோட சிக்னலைப் பெருக்குற ஆம்ப்ளிஃபயர் பெட்டியே கிடையாது. பட்டப்பகல்ல காட்டினா யாருக்குத் தெரியும்? பவர் ஸ்டியரிங்கையும் ஆப்ஷன்னு சொல்லிக் கணக்குல சேர்த்திருந்தான். 54ல எல்லா கேடிலாக்குக்கும் அது சும்மாவே வந்தது.

அப்புறம்தான் புத்தி வந்து, இன்ஜின் நம்பரைக் கொடுத்து கேடிலாக்கைத் தயாரிக்கிற ஜெனரல் மோட்டார்ஸோட ஆவணக் காப்பகத்துல பில்ட் ஷீட் வாங்கினேன், அதாவது கம்பெனியிலிருந்து வண்டி என்னென்ன வசதியோட வந்ததுங்கிற பட்டியல். அதுல இருந்தது ஹீட்டர், ரேடியோ. அவ்வளவுதான். பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி இதை நீங்க வாங்கிடுங்க.

போன் பண்ணினா, "இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கிறேன்னு கையெழுத்துப் போட்டீங்களே"ன்னு வெச்சுட்டான்.

போன வாரம் அதே ஆள் ஒரு 1956 கேடிலாக்கை விற்பனைக்குப் போட்டிருக்கான். முப்பது படம். பின்னால காது பளபளன்னு தெரியுது. டிக்கி திறந்த படம் மட்டும் இல்லை.