இறாலுக்கு ஒரு அளவுகோல், காருக்கு ஒரு அளவுகோல்

எந்தத் தொழிலுக்கு ஏற்றுமதி இறக்குமதித் தடை அதிகம் என்று சென்னை ராஜாஜி சாலையில், சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் கேட்டால், எச்எஸ் கோடு, அதாவது சரக்கை வகைப்படுத்தும் சுங்க எண், என்ன என்றுதான் திருப்பிக் கேட்பார். கோடு கிடைத்தால் வரி எவ்வளவு என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். காருக்கு அந்த அளவுகோலே போதும். 40,000 டாலருக்கு மேல் விலையுள்ள, முழுதாக வந்து இறங்கும் காருக்கு 2025 பட்ஜெட் வரை அடிப்படைச் சுங்க வரியே 100 சதவீதம். வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒரகடம் பக்கம் ஆலை போட்டதற்கு அதுவும் ஒரு முக்கிய காரணம்.

பல பொருட்களின் வரியை ஒரே சராசரியாக்கும்போதுதான் சிக்கல். ஒரு தொழிலில் இரண்டே பொருட்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு வரி 10 சதவீதம், 90 ரூபாய்க்குச் சரக்கு வருகிறது. மற்றதற்கு 100 சதவீதம், 10 ரூபாய்க்கு வருகிறது. எளிய சராசரி 55. இறக்குமதி மதிப்பை எடையாக வைத்தால் 19. இரண்டாவதன் வரியை 300 ஆக்குங்கள். அது வருவதே நின்றுபோகும், எடையிட்ட சராசரி 10-க்கு இறங்கிவிடும். கதவைச் சாத்தியதற்குப் பாராட்டு! எளிய சராசரியோ 155-க்குத் தாவும். யாருமே வாங்காத பொருளையும் சமமாக எண்ணுவது அதன் குறை. இருந்தும், ஒரு தொழிலுக்குள் பார்க்க நான் எளியதைத்தான் எடுப்பேன். அதன் பிழை எந்தப் பக்கம் சாயும் என்றாவது தெரியும்.

இறாலுக்கு வந்தால் இரண்டுமே கவிழ்ந்துவிடும். அமெரிக்காவில் இறாலுக்குச் சாதாரண வரி சுழியம். ஆனால் 2005 முதல் இந்திய இறாலுக்கு ஆன்டி டம்பிங் வரி, அதாவது அநியாயக் குறைந்த விலைக்கு விற்பதாகச் சொல்லிப் போடும் வரி, தனியாக உண்டு, சாதாரண வரி அட்டவணையில் அது தெரியாது. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகள் மீது 50 சதவீதம் விழுந்தபோதுதான் வரிக் கணக்குக்கு மறுபடி மதிப்பு வந்தது.

ஐரோப்பா கதை வேறு. அங்கே கழுத்தைப் பிடிப்பது ஆன்டிபயாடிக் எச்சம். இதை அளக்க, வரிக் கணக்குக்குப் போட்டியாக ஒரு அளவுகோல் உண்டு: ஒரு தொழிலின் சரக்கில் எத்தனை பங்கு ஏதாவது ஒரு தர விதிக்கு உட்பட்டது என்று எண்ணுவது. ஐநா வர்த்தக வளர்ச்சி அமைப்பு இந்த விதிகளை ஏ (A) முதல் பி (P) வரை அத்தியாயமாகப் பிரித்து வைத்திருக்கிறது, ஏ என்றால் உணவுச் சுகாதாரம். உழைப்பு பெரிது, சந்தேகமில்லை. ஆனால் லேபிள் ஒட்டச் சொல்லும் விதியும் கன்டெய்னரையே திருப்பி அனுப்பும் விதியும் அதில் ஒரே எடை. 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம், இந்தியப் பண்ணை இறால் சரக்குகளில் பரிசோதிக்கும் பங்கை 10 சதவீதத்திலிருந்து 50 ஆக்கியது. ஏற்றுமதியாளருக்கு அது தலைவலி, இந்தக் கணக்கிலோ ஒரு புள்ளி அசையாது. இறாலுக்கு விதி முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது.

ஒரு விதி எத்தனை சதவீத வரிக்குச் சமம் என்று சொல்ல, உள்ளூர் விலையையும் உலக விலையையும் ஒப்பிடுவார்கள். ஆம்பூர் ஷூவையும் இத்தாலி ஷூவையும் பக்கத்தில் வைத்தால் விலை வித்தியாசத்தில் தடை எவ்வளவு, தரம் எவ்வளவு? பிரிப்பது கஷ்டம்.

சேவைகளுக்குச் சுங்க வரியே கிடையாது. அங்கே, பெரும்பாலும் பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 2014-ல் கொண்டுவந்த குறியீடு: சட்டங்களைப் படித்து 0 (திறந்த கதவு) முதல் 1 (சாத்திய கதவு) வரை மதிப்பெண். இது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் துறை வாரியாகவே தருகிறது. ஆனால் ஏட்டில் இருப்பதைத்தான் எண்ணும். வெளிநாட்டு வழக்கறிஞர்கள் வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2012-ல் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதைச் சற்று இறுக்கி, ‘எப்போதாவது’ வந்தால் மட்டும் சரி என்றது. ‘எப்போதாவது’ என்றால் எத்தனை தடவை என்று தீர்ப்பு சொல்லவில்லை. அதற்கு மதிப்பெண் போடுவது எப்படி?

அப்புறம் ஈர்ப்பு மாதிரி. இரண்டு இடங்களின் தூரத்தையும் பொருளாதார அளவையும் வைத்து எதிர்பார்க்கும் வணிகத்தைவிட உண்மையான வணிகம் எவ்வளவு குறைகிறதோ, அதுவே தடை. 1995-ல் இந்த வழியில், கனடா மாகாணங்கள் அமெரிக்க மாநிலங்களோடு செய்வதைவிடத் தங்களுக்குள் 22 மடங்கு வணிகம் செய்கின்றன என்று வந்தது. 2003-ல் கணக்கைத் திருத்தியபோது, எல்லையால் குறைவது 44 சதவீதம்தான் என்றானது. சென்னைக்கு டெல்லியைவிடக் கொழும்பு கிட்டே. கொழும்போடு வணிகம் குறைவென்றால் இந்த மாதிரி குறையைக் காட்டும், காரணம் யார் என்று சொல்லாது.

எனக்கு விட்டால் சரக்கு நின்ற நேரத்தை எண்ணுவேன். உலக வங்கி தன் ‘டூயிங் பிசினஸ்’ அறிக்கையில் அப்படி எண்ணிக்கொண்டுதான் இருந்தது, 2021-ல் அந்த அறிக்கையே நிறுத்தப்பட்டது. அதில் இந்தியா என்றால் மும்பையும் டெல்லியும்தான். இறக்குமதிக்கு எல்லா நாட்டுக்கும் ஒரே பொருள்: 15 டன் வாகன உதிரி பாகம். அது ஒரு வாரம் வெயிலில் நின்றாலும் கெட்டுப்போகாது.