போர்க்களப் புகைப்படத்தைப் பரிசாக வாங்க நினைப்பவர்களுக்கு: என் 240 டாலர் போன விதம்

பழைய போர்ப் புகைப்படங்களைப் பெரிதாக அச்சிட்டு, சட்டமிட்டுப் பரிசுப்பொருளாக விற்கும் இணையக் கடை ஒன்றிடம் 240 டாலரைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். வங்கியில் கொடுத்த புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. சிறு விற்பனையாளர்கள் பலர் ஒரே தளத்தில் கடை விரித்திருக்கும் வகையைச் சேர்ந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஆன்சாக் நாள் எனும் போர்வீரர் நினைவு நாளுக்கோ பணி ஓய்வு விழாவுக்கோ இப்படிப் படம் வாங்கும் எண்ணத்தில் இருக்கும் ஆஸ்திரேலியத் தமிழர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

மெல்பர்னில் எங்கள் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெறும் மூத்தவர் ஒருவரின் தாத்தா, முதல் உலகப் போரின்போது 1917இல் பெல்ஜியத்தின் ஈப்ர் களத்தில் ஆஸ்திரேலியப் பீரங்கிப் படையில் இருந்தவர். ஆகவே ஆஸ்திரேலியப் போர்ப் புகைப்படக்காரர் பிராங்க் ஹர்லி அந்த ஆண்டு அக்டோபர் 29 அன்று ஹூகே அருகே ஷாட்டோ உட் என்ற இடத்தில் எடுத்த படத்தைக் கொடுக்கலாம் என்று எல்லோரும் பணம் போட்டோம். பெயரில்தான் காடு (‘உட்’) இருக்கிறது. படத்தில் இருப்பவை கிளையில்லாத கரிய மரத்தண்டுகளும், குண்டுக் குழிகளில் தேங்கிய நீரும், சேற்றின்மேல் போட்ட பலகைப் பாதையில் நடந்துவரும் சில பீரங்கிப் படையினரும்தான். வடிகால்கள் எல்லாம் குண்டுவீச்சில் சிதைந்துபோன அந்தக் களிமண் பூமியில் மழைநீர் வடிய வழியே இருக்கவில்லை. ஆஸ்திரேலியர் தரப்பில் மட்டும் ஏறத்தாழ 38,000 பேர் அந்த மூன்றாம் ஈப்ர் போரில் இறந்தோ காயமுற்றோ போனார்கள். அவரவர் குடும்பத்தில் இந்தப் படத்துக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

என்னை நம்ப வைத்தது விளம்பரத்தில் இருந்த ‘அருங்காட்சியகத் தரம்’ என்ற சொல் அல்ல. மூல நெகட்டிவிலிருந்து எடுத்த நகல்தானா என்று கேட்டபோது, விற்பனையாளர் ஆமாம் என்று சொன்னதோடு நிற்காமல், தாத்தாவின் பெயர் என்ன, எந்தப் பிரிவில் இருந்தார் என்று அக்கறையாக விசாரித்து, அந்தப் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்துச் சட்டத்தின் அடியில் பதித்துத் தருவதாக எழுதினார். அந்த விசாரிப்பில் மனம் இளகித்தான் 240 டாலரையும் முன்பணமாகவே செலுத்தினேன்.

வந்த பொருளில் அந்தப் பித்தளைத் தகடு ஒன்றுதான் சரியாக இருந்தது. இணையத்தில் கிடைக்கும் ஏதோ சிறிய படத்தை மென்பொருள் கொண்டு இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். முன்னால் வருபவரின் முகம் மெழுகாய் வழிந்திருக்கிறது. பலகைகளுக்கு இடையே இருக்க வேண்டிய இடைவெளி மறைந்து, பாதை சிமெண்டுத் தளம் போலக் கிடக்கிறது. கீழ்ப்பகுதியை வெட்டியதில் நீரில் விழும் மரநிழல் பாதி காணாமற்போயிற்று. கேட்காமலே வண்ணமும் ஏற்றி, செத்த மரங்களின் அடியில் பச்சை பூசியிருக்கிறார்கள். கூடவே வைத்த ‘நம்பகச் சான்றிதழில்’ ‘சோம், 1916’ என்று அச்சிட்டிருக்கிறது! இடமும் தவறு, ஆண்டும் தவறு.

கேட்டபோது முதலில், நூறாண்டுப் பழைய படம் என்பதால் மங்கலாகத்தான் இருக்கும் என்று பதில் வந்தது. ஹர்லி பயன்படுத்தியவை கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்கள். அவற்றின் துல்லியம் இன்றைய கைபேசிப் படங்களுக்குச் சற்றும் இளைத்ததல்ல என்று எழுதினேன். அடுத்து, பெயர் பொறித்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்றார்கள். அக்கறையாகக் கேட்டு வாங்கிய பெயர் எதற்குப் பயன்பட்டது, பார்த்தீர்களா? கடைசியாக வந்த பதிலைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை: ஹர்லியே பல நெகட்டிவ்களை ஒட்டிப் படம் செய்தவர்தானே, நாங்கள் திருத்தியதில் என்ன குற்றம் என்று கேட்டார்கள். அவர் அப்படிச் செய்ததும், அது போலி என்று ஆஸ்திரேலியாவின் அதிகாரபூர்வப் போர் நிருபர் சார்ல்ஸ் பீன் அவரோடு மோதியதும் வரலாறுதான். அதற்கும், மூல நெகட்டிவின் நகல் என்று சொல்லி எங்களிடம் 240 டாலர் வாங்கியதற்கும் என்ன தொடர்பு? அதன்பின் பதில் நின்றுவிட்டது. தளத்தின் வாடிக்கையாளர் சேவையோ, விற்பனையாளரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அடுத்த கொள்முதலுக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதிருக்கும் ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. இந்தப் படம் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம், ஆகவே ‘அனுமதி பெற்ற நகல்’ என்ற பேச்சில் மயங்காதீர்கள். சேகரிப்பு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். பெயர் பொறிக்கும் முன் அச்சின் மாதிரியை அனுப்பச் சொல்லுங்கள். கடன் அட்டையில் மட்டும் பணம் கட்டுங்கள். திரும்பப் பெறமாட்டோம் என்று கடை எழுதி வைத்திருந்தாலும், பழுதான பொருளுக்கு ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி உங்களுக்கு உரிமை உண்டு. வெளிநாட்டு விற்பனையாளரிடம் அதைச் செல்லுபடியாக்குவது எவ்வளவு கடினம் என்று இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். 240 டாலரில் ஒரு காசுகூட இன்னும் திரும்பவில்லை.