பித்தளைக்குக் கலாய்: சயான் கோலிவாடாவில் தெருமுனைக் கலாய்க்காரர்

மும்பையில், முலுண்டில் பெரிய வீட்டிலிருந்து சயான் கோலிவாடாவில் ஒரு ரூம் கிச்சனுக்கு மாறி எட்டு மாதம் ஆகிறது. பரணில் அடைத்து வைத்திருந்த நான்ஸ்டிக் சட்டிகள், கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் செட்டுகள், மூடி தொலைந்த டப்பாக்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம். நான் விடாமல் வைத்துக்கொண்டது அம்மாவின் பாத்திரங்கள் நான்கு: பித்தளை அடுக்கு, உருளி, வெண்கலப் பானை, ஈயச் சொம்பு. இனி இவற்றில்தான் தினச் சமையல் என்று முடிவு செய்து அடுக்கைத் திறந்து பார்த்தால், உள்ளே கலாய், அதாவது ஈயப் பூச்சு, முழுக்கப் போய்ப் பித்தளை பல்லிளிக்கிறது. அதில் புளி சேர்த்துக் கொதிக்க வைத்தால் செம்பும் துத்தநாகமும் குழம்பில் இறங்கிவிடும், வாயில் வைக்க முடியாது, உடம்புக்கும் கெடுதல்.

பாத்திரக் கடை ஒன்றில் கேட்டேன். எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொன்னார்கள். மனசு கேட்கவில்லை.

அப்புறம்தான் பக்கத்து வீட்டு அக்கா இந்தக் கலாய்க்காரரைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனையில் கரி அடுப்பு போட்டு உட்காருகிறார், எல்லோரும் சாச்சா என்றுதான் கூப்பிடுகிறோம். நான்கையும் கொண்டுபோய் வைத்தேன். வெண்கலப் பானையையும் ஈயச் சொம்பையும் எடுத்து என் பையிலேயே திரும்பப் போட்டார். வெண்கலத்துக்குக் கலாய் தேவையில்லை, சொம்பு முழுக்க வெள்ளீயம்தான் (டின்), அதில் பூச என்ன இருக்கிறது என்றார். நான்குக்கும் காசு வாங்கியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது, அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பழைய அழுக்கைத் தேய்த்து எடுத்துவிட்டு, பாத்திரத்தைக் கரியில் சூடாக்கி, நவச்சாரத் தூளை (அமோனியம் குளோரைடு) தூவுகிறார், வெள்ளைப் புகை குப்பென்று எழும்புகிறது. ஈயக் குச்சியை லேசாகத் தொடுகிறார், 232 டிகிரியிலேயே உருகும் உலோகம் என்பதால் தொட்ட இடத்தில் உடனே தண்ணீர் மாதிரி ஓடுகிறது, பஞ்சை வைத்து ஒரு சுழற்று, மஞ்சள் இருந்த இடமெல்லாம் வெள்ளி. அந்த ஒரு நிமிடத்துக்காகவே திரும்பப் போவேன். பூசுவது வெள்ளீயமா, காரீயம் (லெட்) கலந்ததா என்று கேட்டேன். கோபித்துக்கொள்ளாமல் குச்சியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நீங்களும் கேளுங்கள், காரீயம் விஷம்.

இரண்டுக்கும் சேர்த்து 700 ரூபாய் ஆனது. குறை என்றால், உருளியின் வெளிப்பக்கம் கருத்துப்போய் வந்தது, புளியும் உப்பும் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். அடுக்கின் விளிம்பில் ஒரு இடத்தில் பூச்சு மெலிதாக இருந்தது, மறுவாரம் காட்டியதும் காசு வாங்காமல் சரிசெய்தார்.

இப்போது சாம்பார் அடுக்கில், பொங்கல் வெண்கலப் பானையில், ரசம் சொம்பில். எந்தப் பாத்திரம் எடுப்பது என்ற யோசனையே காலையில் இல்லை. கழுவி நான்கையும் கவிழ்க்கும்போது ஒவ்வொன்றையும் ஒரு தடவை தடவிப் பார்க்கிறேன், முன்பு முப்பது பாத்திரம் இருந்தபோது எதையும் அப்படித் தொட்டதில்லை.

கலாய் பூசியதைக் கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள், கிளற மரக் கரண்டி போதும். ஈயச் சொம்பில் ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள், காலியாக வைத்தால் உருகிவிடும். சாச்சாவிடம் பத்து மணிக்குள் போய்விடுங்கள், புகை அடிக்காத பக்கமாக நில்லுங்கள்.