டாக்கில் விளக்கு எரிகிறது என்பதற்காக அடாப்டரை நம்பிவிடாதீர்கள்

"12 வோல்ட், 2 ஆம்பியர். உங்கள் சார்ஜிங் டாக்குக்கு அப்படியே பொருந்தும்" என்று விற்கப்பட்ட மாற்று அடாப்டர் ஒன்றைப் பற்றிய எச்சரிக்கை இது. செருகியதும் டாக்கில், அதாவது கருவியை வைத்துச் சார்ஜ் ஏற்றும் தாங்கியில், பச்சை விளக்கு எரிந்தது. கருவியை வைத்தால் சார்ஜ் ஏறுவதுபோல் காட்டிவிட்டு, சில நொடிகளில் நின்று, மறுபடி தொடங்கியது. புகார் அனுப்பியதும் விற்றவர் ஒரு வீடியோ அனுப்பினார். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் 12.2 வோல்ட் காட்டுகிறது, விளக்கும் எரிகிறது, ஆகவே பழுது உங்கள் டாக்கில்தான் என்றார். டாக்கில் எந்தப் பழுதும் இல்லை. வேறொரு சரியான அடாப்டரில் அது ஒழுங்காக வேலை செய்கிறது.

இந்தப் பதிலை நம்பி நல்ல டாக்கைத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். எல்இடி விளக்கு எரிய சில மில்லிஆம்பியர் போதும். இந்த டாக்கில் சார்ஜ் ஏற ஒரு ஆம்பியருக்கு மேல் வேண்டும். சுமை எதுவும் இல்லாமல், அதாவது மின்னோட்டம் இழுக்கும் எதையும் மாட்டாமல் அளந்தால் மோசமான அடாப்டரும் சரியான வோல்ட்டைத்தான் காட்டும். இந்த அடாப்டரை டாக்கில் செருகி, கருவியை வைத்து அளந்தபோது 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. அவ்வளவு இறங்கினால் டாக்கினுள் இருக்கும் சர்க்யூட் தன்னை அணைத்துக்கொள்ளும். சுமை போனதும் வோல்ட் பழையபடி ஏறும், டாக் மீண்டும் விழிக்கும், மீண்டும் விழும். விட்டுவிட்டுச் சார்ஜ் ஏறியதற்குக் காரணம் இதுதான். ஸ்டிக்கரில் 2 ஆம்பியர் என்று அச்சடித்தது மட்டுமே உண்மை, உள்ளே அதற்கான சரக்கு இல்லை.

இதை உறுதிசெய்ய 8.2 ஓம், 50 வாட் வயர்வவுண்டு ரெசிஸ்டர் (கம்பி சுற்றிய மின்தடை) ஒன்று போதும். 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 1.5 ஆம்பியர் இழுக்கும், 17 வாட்டுக்கு மேல் சூடாக்கும். அதனால் ஓட்டின் மீதோ கல் மீதோ வைத்துச் சோதியுங்கள், கையால் தொடாதீர்கள். திருகு முனை உள்ள டிசி சாக்கெட்டில் ரெசிஸ்டரை மாட்டி, அடாப்டரைச் செருகி, கால் மணி நேரம் விடுங்கள். 2 ஆம்பியர் அடாப்டர் என்றால், ரெசிஸ்டரின் இரு முனைகளில் மீட்டரை வைத்து அளக்கும்போது 11.4 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. 'டிக் டிக்' என்று சத்தம் வந்து வெட்டி வெட்டி ஓடினால், பிளாஸ்டிக் வாடை அடித்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். கார் பல்பை வைத்துச் சோதிக்கச் சிலர் சொல்வார்கள். குளிர்ந்த இழை முதல் நொடியில் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதால் நல்ல அடாப்டர்கூட அதில் தடுமாறலாம். ரெசிஸ்டரே மேல்.

இரண்டாவது குறை, அடாப்டர் வயரின் நுனியில் டாக்கில் செருகும் 'பின்'னில் இருந்தது. டாக்குக்கு வேண்டியது வெளிவிட்டம் 5.5, உள்துளை 2.1 மி.மீ. வந்தது 5.5-க்கு 2.5. வெளியே இரண்டும் ஒன்றுபோல இருக்கும், செருகினாலும் போகும். ஆனால் டாக் சாக்கெட்டின் நடு ஊசியைத் துளை இறுக்கிப் பிடிக்காது. ஆட்டினால் விளக்கு சிமிட்டும். தொடர்ந்து ஓடினால் அந்த இடம் சூடேறி டாக்கின் சாக்கெட் கருகும். மாறாக 2.1 பின்னை 2.5 சாக்கெட்டில் செருகப் பார்த்தால் உள்ளேயே போகாது, அதில் ஆபத்து இல்லை. அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, 2.3 மி.மீ. டிரில் பிட்டின் அடிப்பகுதியைத் துளையில் வைத்துப் பாருங்கள். தாராளமாகப் போனால் 2.5. போகாவிட்டால் 2.1.

அடாப்டர் தேடும்போது கருவியின் மாடல் எண்ணை வைத்துத் தேடுவதில்தான் முதல் தவறு நடக்கிறது. ஒரே கருவி வெவ்வேறு டாக்குகளோடு வெளிவந்திருக்கும். "இந்த மாடல்களுக்குப் பொருந்தும்" என்ற நீளமான பட்டியலை அதனால் நம்ப முடியாது. டாக்கைக் கவிழ்த்து, அடியில் 'இன்புட்' என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். 'அவுட்புட்' என்பது டாக் கருவிக்குக் கொடுப்பது, அது வேறு. பழைய அடாப்டர் கையில் இருந்தால் அதன் 'அவுட்புட்' வரியும் டாக்கின் 'இன்புட்' வரியும் ஒத்துப்போக வேண்டும்.

வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். 12 வோல்ட் டாக்கின் உள்வாயில் பெரும்பாலும் 16 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர்தான் (மின்தேக்கி) இருக்கும். அதில் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் செருகினால் கெப்பாசிட்டர் உப்பி வெடிக்கலாம், அல்லது பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகி ஃப்யூஸ் போகும். லேப்டாப் அடாப்டர் பலவற்றில் இருப்பதும் 5.5-க்கு 2.5 பின்தான் என்பதால் இது தவறிப்போய் நடக்கக்கூடியது. ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம். டாக் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும், அடாப்டர் திணிக்காது. 2 கேட்கும் டாக்குக்கு 3 சரி, 1 கூடாது.

ஆம்பியர் கூடலாம் என்ற இந்த விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு, விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. பழைய அடாப்டரில் 8.4, 12.6, 16.8, 25.2, 29.4 போன்ற எண் இருந்தால் உடனே உஷாராகுங்கள். இவை 4.2-இன் மடங்குகள், அதாவது லித்தியம் செல் நிரம்பும் வோல்ட்டின் மடங்குகள். அப்படிப்பட்ட அடாப்டரே சார்ஜராக இருக்கலாம். மின்னோட்டத்தை ஓர் அளவில் பிடித்துவைத்து, நிரம்பும்போது குறைக்கும் வேலையை அதுவே செய்யும். டாக்கில் இரண்டு தகடுகளைத் தவிர ஒன்றும் இருக்காது. அந்த இடத்தில் சாதாரண அடாப்டரை, அதுவும் அதிக ஆம்பியர் உள்ளதை மாட்டினால் பேட்டரிக்குள் கட்டுப்பாடில்லாமல் மின்னோட்டம் பாயும். தீப்பிடிக்கும் வாய்ப்புள்ள தவறு இது. 12.6-க்குப் பதில் 12 போட்டாலோ பேட்டரி ஒருபோதும் நிரம்பாது. இந்த எண்களைக் கண்டால் அதே எண்ணும் அதே ஆம்பியரும் உள்ள சார்ஜரையே கேளுங்கள்.

துருவத்தையும், அதாவது பாசிட்டிவ் எது நெகட்டிவ் எது என்பதையும் விட்டுவிடாதீர்கள். ஸ்டிக்கரில் நடுவில் புள்ளியும் சுற்றி அரைவட்டமும் கொண்ட படம் இருக்கும். புள்ளியிலிருந்து போகும் கோடு கூட்டல் குறியில் முடிந்தால் நடு ஊசி பாசிட்டிவ். பல வோல்ட்டுகளுக்கு நகர்த்தும் ஸ்விட்சும் மாற்றும் முனைகளும் கொண்ட 'யுனிவர்சல்' அடாப்டர்களில் முனையைத் திருப்பி மாட்டினால் துருவமே மாறிவிடும். பெட்டியிலிருந்து எடுத்ததும் மீட்டரின் சிவப்பு முனையைத் துளைக்குள்ளும் கறுப்பை வெளிப்புறத்திலும் வைத்து அளந்த பிறகே டாக்கில் செருகுங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் நடு ஊசி நெகட்டிவ். கார்ட்லெஸ் ஃபோன் டாக் சிலவற்றுக்கு டிசிக்குப் பதில் ஏசி (மாறுதிசை மின்சாரம்) வெளியீடே தேவைப்படும். ஸ்டிக்கரில் அலைக்கோடு இருந்தால் ஏசி. நேர்க்கோடும் அதன் கீழே சிறு கோடுகளும் இருந்தால் டிசி.

டைப்-சி டாக்கில் இந்தத் தொல்லை எல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே வாட் எண்ணை மட்டும் சொல்லி விற்கிறார்கள். சார்ஜரும் கருவியும் தங்களுக்குள் பேசி வோல்ட்டை முடிவுசெய்யும் 'பவர் டெலிவரி' முறையில் வழக்கமான படிகள் 5, 9, 15, 20 வோல்ட். 12 வோல்ட் கட்டாயமில்லை, பல சார்ஜர்களில் அது கிடையாது. டாக்கில் வைத்து டிவியில் விளையாடும் கேம் கருவியான நின்டெண்டோ ஸ்விட்ச்சின் அசல் அடாப்டர் 15 வோல்ட், 2.6 ஆம்பியர் தருகிறது. 9 வோல்ட்டோடு நின்றுவிடும் ஃபோன் சார்ஜரை அந்த டாக்கில் செருகினால் டிவியில் படம் வராது. 65 வாட் என்று போட்டிருக்கும் இரண்டு துளைச் சார்ஜரில் இரண்டையும் பயன்படுத்தினால் அந்த வாட் பிரிந்துவிடும். 3 ஆம்பியருக்கு மேல் வேண்டுமானால் 5 ஆம்பியர் கேபிளும் தேவை.

அடாப்டர் ஸ்டிக்கரில் வீட்டு மின்சாரப் பக்கத்தையும் படியுங்கள். 100–240 என்று இல்லாமல் 120 மட்டும் போட்டிருப்பதை 230 வோல்ட்டில் செருகினால் புகைந்துவிடும். சதுரத்துக்குள் சதுரம் இரட்டைக் காப்பின் குறி. ஆனால் குறியை யாரும் அச்சடிக்கலாம். ஒரே அளவு காட்டும் இரண்டு அடாப்டர்களில் ஒன்று வெறும் கூடுபோல எடையற்று இருந்தால் அதை ஒதுக்குங்கள்.

வாங்கும் முன் எழுத்தில் கேளுங்கள்: அனுப்பப்போகும் அதே பொருளின் ஸ்டிக்கர் படம், பின்னின் உள்துளை அளவு, நடு ஊசியின் துருவம். "எல்லாம் ஒன்றுதான்" என்று பதில் வந்தால் அங்கே வாங்காதீர்கள். புகார் செய்யும்போது "சார்ஜ் ஏறவில்லை" என்று மட்டும் எழுதினால் பழி டாக்கின் மேல் திரும்பிவிடும். சுமையில்லாமல் இவ்வளவு, சுமையோடு இவ்வளவு என்று இரண்டு மீட்டர் படங்களையும் ஸ்டிக்கர் படத்தையும் சேர்த்து, "எழுதியிருக்கும் 2 ஆம்பியரை இது தரவில்லை" என்று அனுப்புங்கள். இந்த அடாப்டருக்கு அப்படி அனுப்பிய பிறகுதான் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். விற்பனைப் பக்கத்திலோ பின்னின் அளவு இன்னும் 2.1 என்றே இருக்கிறது.